கேஸ் லைனைச் சுவருக்குள் பதிக்கலாமா?

கேள்வி (திருப்பூர் வாசகர்), ஜனவரி 9, காலை 11.20

வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் டைல்ஸ். சிலிண்டரை வெளியே யுடிலிட்டியில் வைத்துவிட்டு, அங்கிருந்து அடுப்பு வரை 14 அடி காப்பர் பைப்பைச் சுவரைக் கொத்திப் பதித்து மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம், பைப்பே கண்ணுக்குத் தெரியாது என்கிறார் மாடுலர் கிச்சன்காரர். தண்ணீர்க் குழாயும் கரண்ட் பைப்பும் சுவருக்குள்தானே போகின்றன, கேஸ் மட்டும் போனால் என்ன? வீட்டம்மாவுக்கும் பைப் வெளியே தெரிவது பிடிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 9.45

பதிக்க வேண்டாம். டைல்ஸ்காரரை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள்.

கோவையில் 17 வருடமாக கேஸ் லைன் வேலைதான் செய்கிறேன். ஓட்டல், மண்டபம், அபார்ட்மெண்ட், தனி வீடு எல்லாம். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் கசிந்தால் பெயிண்ட் உப்பும், ஈரம் தெரியும், பத்து நாள் கழித்து ஆள் கூப்பிட்டால் போதும். கேஸ் கசிந்தால் சுவரில் ஒன்றுமே தெரியாது. அது எந்த வழியாக எங்கே போய் நிற்கும் என்று லைன் போட்டவனாலும் சொல்ல முடியாது.

எங்கேயாவது பதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், உள்ளே போகிற நீளம் முழுக்க ஒரே துண்டு பைப்பாக இருக்க வேண்டும். ஜாயிண்ட் ஒன்றுகூட சுவருக்குள் இருக்கக் கூடாது. எல்போ, டீ, நட்டு, எது இருந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில்தான். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயமே இல்லை. 14 அடிதான். மேடைக்கு மேலே சுவரை ஒட்டி கிளாம்ப் போட்டு நேராகக் கொண்டுபோனால் இரண்டே வளைவு. வீட்டம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 10, காலை 6.30

நேற்று எழுதியதில் ஒரு சம்பவம் விட்டுப்போனது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீடு. லைன் யாரோ போட்டது, என் வேலை இல்லை. சமையலறையில் கேஸ் வாடை வருகிறது, அடுப்பு, ரெகுலேட்டர், ட்யூப் எல்லாம் மாற்றியாயிற்று, வாடை மட்டும் போகவில்லை என்று கூப்பிட்டார்கள். போனதும் சிலிண்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்தேன். அப்புறம் உள்ளே போய் மூக்கை வைத்துத் தேடினால், வாடை அடுப்புப் பக்கமே இல்லை. மிக்ஸி போடுகிற சுவிட்ச் பாக்ஸிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் எனக்கு வியர்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் வியர்த்ததில்லை.

வெளியே மெயினை அணைத்துவிட்டு டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். காப்பர் பைப்பில் நடுவாக ஒரு ஓட்டை, பென்சில் முனை அளவு, அதைச் சுற்றி மரை பதிந்த தடம். மூன்று வருடத்துக்கு முன்னால் சிம்னி மாட்டியவர் டிரில் போட்டபோது பைப்பில் இறங்கியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. ஸ்க்ரூவை முடுக்கியதும் அந்த ஸ்க்ரூவே ஓட்டைக்கு அடைப்பாகிவிட்டது. மூன்று வருடம் அந்த வீட்டில் அந்த ஸ்க்ரூவை நம்பித்தான் சமைத்திருக்கிறார்கள். அந்த மாதம் புதுச் சிம்னி வாங்கி, பழைய ஸ்க்ரூவைக் கழற்றியிருக்கிறார்கள். கேஸ் டைல்ஸுக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் ஓடி, குறுக்கே போன கரண்ட் பைப்பைப் பிடித்து, சுவிட்ச் பாக்ஸுக்குள் வந்துவிட்டது.

டிரில் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். சுவருக்குள் என்ன போகிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஜனவரி 10, இரவு 10.15

"கொஞ்சம் கசிந்தால் என்ன ஆகிவிடும், வாடை வந்தால் ஜன்னலைத் திறந்தால் போச்சு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிலிண்டரில் வருகிற எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடிப் போய்த் தரையோடு படியும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 10க்கு 10 அடி சமையலறையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மட்டும் அந்த 2 சதவீதம் நிரம்ப 125 கிராம் கேஸ் போதும். பெரிய பர்னரைப் பற்றவைக்காமல் முழுசாகத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் வந்துவிடும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

தரையில் நிற்பதை மேலே இருக்கிற ஜன்னல் சீக்கிரம் வெளியேற்றாது. அதனால்தான் சிலிண்டர் வைக்கிற கேபினட்டில் ஷட்டரின் அடிப்பக்கம் துளை கேட்கிறோம். மாடுலர் கிச்சன்காரர்கள் கீழே ஸ்கர்ட்டிங் பலகை வைத்து சிலிகான் அடித்துப் பூச்சி புகாமல் மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கேஸ் தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஜனவரி 11, இரவு 11.05

அக்கா, கேஸ் வாடை வருகிறது என்று நீங்கள் இப்போது இங்கே போட்ட பதிவைப் பார்த்தேன். வாடை இப்பவே வருகிறது என்றால் போனில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் கூடாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906க்குக் கூப்பிடுங்கள், கேஸ் கசிவுக்கான எண் அதுதான், இரவிலும் எடுப்பார்கள்.

ஜனவரி 12, காலை 7.10

அக்கா வீட்டில் எல்லோரும் நலம். ட்யூப்பை எலி கடித்திருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாக ரப்பர் ட்யூப்பை விட்டிருக்கிறார்கள், கடி அந்த ஓட்டைக்குள்ளேயே இருந்ததால் வெளியே பார்க்கும்போது ட்யூப் புதுசு மாதிரி தெரிந்திருக்கிறது. ரப்பர் ட்யூப் சுவரைத் தாண்டவே கூடாது. சிலிண்டரும் அடுப்பும் ஒரே அறையில் இருந்தால் மட்டும்தான் அது. உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா ட்யூப்பாக இருந்தாலும் 5 வருடத்தில் மாற்ற வேண்டும், தேதி ட்யூப் மேலேயே அச்சிட்டிருக்கும். சுவர் தாண்ட வேண்டும் என்றால் அந்தத் தூரத்துக்கு உலோகப் பைப்.

ஜனவரி 13, இரவு 9.00

லைன் போட்டதும் கசிவு இருக்கிறதா என்று டெஸ்ட் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம், அதனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அடுப்பையும் ரெகுலேட்டரையும் முதலில் கழற்றிவிட வேண்டும். வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடுகிற அழுத்தம் 30 மில்லிபார்தான் (ஆயிரம் மில்லிபார் ஒரு பார்), அடுப்பு நாப் அதற்குத்தான் செய்யப்பட்டது. டெஸ்ட் அழுத்தத்தை அதற்குள் விட்டால் உள்ளே கெட்டுப்போகும். வெறும் லைனில் காற்று அல்லது நைட்ரஜன் ஏற்றி நான் 2 பார் வைப்பேன். ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்பு நுரை தடவி நிதானமாகப் பார்க்க வேண்டும், பெரிய கசிவு கொப்புளமாக வரும், சின்னக் கசிவு வெண்ணெய் மாதிரி மெதுவாகத் திரண்டு வர இரண்டு நிமிடம்கூட ஆகும். அப்புறம் அழுத்தம் காட்டுகிற கேஜை அப்படியே விட்டுவிட்டு ஒரு ராத்திரி.

காலையில் முள் கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். மாலையில் 33 டிகிரி இருந்து விடியற்காலை 24 டிகிரிக்கு வந்தால், 2 பார் என்பது 1.91க்கு இறங்கிவிடும். கசிவே இல்லாவிட்டாலும் இறங்கும். காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 15, காலை 5.50

மேலே கடைசியில் எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு நாளாக அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணக்கு சரி. ஆனால் "பயப்பட வேண்டாம்" என்று அப்படிப் பொதுவாக எழுதியிருக்கக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஹாஸ்டல் மெஸ் லைனில் காலையில் 1.85 காட்டியது. ராத்திரி குளிர், அதுதான் என்று என் உதவியாளன் சொன்னான், நானும் தலையாட்டிவிட்டேன். அன்று மதியம் வேறு ஏதோ எடுக்கத் திரும்பப் போனபோது முள்ளைப் பார்த்தேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது, முள் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1.80. பைப்பை இணைக்கிற ஒரு யூனியனில் டெப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றியிருந்தார்கள், முடுக்கும்போது டேப் கழன்று ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அன்று அந்தப் பொருளை மறந்து வைக்காமல் இருந்திருந்தால் அந்த லைனில் கேஸ் ஏற்றியிருப்போம்.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் காலை 7 மணிக்கு ஏற்றினால் மறுநாள் காலை 7 மணிக்குப் பாருங்கள். இரண்டு நாளும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற நேரம். முள் அதே இடத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் குளிரைக் காரணம் சொல்லாதீர்கள்.

ஜனவரி 15, இரவு 10.40

இன்னொன்று. பெரிய கேஜில் சின்னக் கசிவு தெரியாது. கடைசியாக அடுப்பும் மாட்டிய பிறகு, வேலை செய்கிற அழுத்தத்தில் ஒரு டெஸ்ட் உண்டு. ஒளி ஊடுருவும் ட்யூபை யூ மாதிரி வளைத்து, மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் பாதி ஊற்றி, ஒரு முனையை லைனில் மாட்டினால் அதுவே அழுத்தம் அளக்கிற மானோமீட்டர். 30 மில்லிபார் என்பது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 300 மில்லிமீட்டர் வித்தியாசம். சிலிண்டரை மூடிவிட்டு அந்த மட்டத்தைப் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கேஜ் காட்டாத கசிவை இது காட்டிவிடும்.

ஆனால் இதையும் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். ஒரே ஒரு டிகிரி மாறினாலே தண்ணீர் 35 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நிழலில், பத்து நிமிடம், அது போதும்.

ஜனவரி 18, இரவு 9.30

சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் அபார்ட்மெண்டுக்கு பி.என்.ஜி., அதாவது குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறதாம், அது காற்றைவிட லேசு, மேலே போய்விடும், ஆகவே நான் சொல்கிற பயமெல்லாம் சிலிண்டருக்கு மட்டும்தான் என்கிறார்.

லேசு என்பது சரி. அதில் பெரும்பாலும் இருப்பது மீத்தேன், காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கனம். அழுத்தமும் குறைவு, அடுப்புக்கு வருவது 21 மில்லிபார். தெருவில் மஞ்சள் பிளாஸ்டிக் பைப்பில் 4 பாரில் வந்து, கட்டடத்து ஓரத்தில் 100 மில்லிபாராகக் குறைந்து, வீட்டு மீட்டர் பக்கத்தில் 21 ஆகும். வீட்டுக்குள் 14 கிலோ சேர்த்து வைக்கிற வேலையும் இல்லை. இதெல்லாம் நல்லதுதான்.

ஆனால் மேலே போவது வெளியே போய்விட்டது என்று ஆகாது. நம் சமையலறைகளில் மேலே லாஃப்ட் இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே இரண்டடி சுவர் இருக்கிறது. அங்கே போய் நிற்கும். எல்.பி.ஜி.க்குக் கீழே துளை என்றால் இதற்கு உச்சியில் துளை வேண்டும். அடைபட்ட இடமாக இருந்தால் லேசான கேஸ் கீழேகூடத் தங்கும். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடமே வெடித்தது. கேஸ் கசிந்து சேர்ந்தது கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில். அன்று அந்தக் கேஸில் வாடையே கிடையாது. மரம் இழைக்கிற மெஷினின் சுவிட்சைப் போட்டபோது வந்த பொறி போதுமாக இருந்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். கேஸில் வாடை சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். இன்று நம் சிலிண்டரில் வருகிற அந்த அழுகல் வாடையும் வேண்டுமென்றே சேர்ப்பதுதான், மெர்காப்டன் என்பார்கள்.

பி.என்.ஜி.க்கு மாறும்போது, பர்னருக்குக் கேஸ் விடுகிற அடுப்பு ஜெட்டை மாற்ற மறக்காதீர்கள். பி.என்.ஜி. ஜெட்டுக்கு ஓட்டை பெரிசு. அந்த ஜெட்டோடு திரும்ப சிலிண்டரில் மாட்டினால் தீ முகத்துக்கு வரும். ஊர் மாறிப்போகிறவர்கள் இதில்தான் தவறு செய்கிறார்கள்.

ஜனவரி 18, இரவு 11.15

வாடையைப் பற்றி எழுதும்போது அம்மா ஞாபகம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வாடை பிடிபடுவதே இல்லை. பால் தீய்ந்தால்கூடப் பக்கத்து அறையிலிருந்து நாங்கள்தான் ஓடிவர வேண்டும். நல்ல மூக்காக இருந்தாலும் அதே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மரத்துப்போகும், அது வேறு. வீட்டில் வயதானவர்கள் தனியாகச் சமைக்கிறார்கள் என்றால் ஒரு டிடெக்டர் வாங்கி மாட்டுங்கள். எல்.பி.ஜி.க்கு என்றால் தரையிலிருந்து ஒரு அடிக்குள். போன மாதம் ஒரு அபார்ட்மெண்டில் சிலிண்டர் கேஸுக்கான டிடெக்டரைப் புகை அலாரம் மாதிரி உத்தரத்தை ஒட்டி மாட்டி வைத்திருந்தார்கள், 24 வீட்டிலும். கேஸ் அந்த உயரத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே மாட்டினோம்.

ஜனவரி 21, காலை 6.15

அதே அபார்ட்மெண்டைப் பற்றி. அவர்கள் என்னைக் கூப்பிட்டது டிடெக்டருக்காக அல்ல, நாலாவது மாடியில் தீ குறைவு என்று. சாதாரண நாளில் சரியாக எரிகிறது, தீபாவளி அன்று விடியற்காலை எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைத்தால் மேலே தீ நீலப் புள்ளியாகிவிடுகிறது.

முன்னால் வந்தவர், சிலிண்டர்களைச் சேர்த்து இணைத்து வைத்திருக்கிற கேஸ் பேங்கில் ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலே சரியாயிற்று, கீழ்மாடி வீடுகளில் தீ பர்னரை விட்டு எழும்பி எரிய ஆரம்பித்துவிட்டது. இது வைத்தியமே இல்லை. பைப்பில் ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறக்குறைய நாலு மடங்காகும். பைப்பின் உள் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் இழப்பு ஏழெட்டில் ஒரு பங்காகக் குறையும். வேண்டியது பைப் சைஸ், இல்லாவிட்டால் இரண்டு கட்ட ரெகுலேட்டர். பேங்கிலிருந்து கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் 30 மில்லிபாருக்கு இறக்க வேண்டும். அப்படித்தான் மாற்றினோம். இதை டிசைனிலேயே, எத்தனை வீடு, எத்தனை பர்னர் ஒரே நேரத்தில் எரியும் என்று எண்ணிப் போட்டிருந்தால் முடிந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் ப்ளம்பரிடம் "ஒரு இஞ்ச் போடு, போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

மண்டபம் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் ஆறு 19 கிலோ சிலிண்டர் பேங்க் பற்றிக் கேட்டார். ஆறு சேர்ந்தால் 114 கிலோ. 100 கிலோவைத் தாண்டினால் வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் உரிமம் வேண்டும். ஐந்தோடு நிறுத்தினால் 95. ஆனால் காலியையும் சேர்த்து அங்கேயே அடுக்காதீர்கள். பக்கத்தில் சாக்கடை மூடியோ கிணறோ பேஸ்மென்ட் படியோ இல்லாத இடமாகவும் பாருங்கள், கேஸ் அதற்குள்தான் இறங்கும்.

ஜனவரி 22, இரவு 10.00

"ஒரு நட்டுக்கு இவ்வளவு அலட்டலா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபம் இல்லை, பதில் சொல்கிறேன்.

1968 மே 16, லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம். குடியேறி இரண்டு மாதம்தான். 18வது மாடியில் ஒரு அம்மாள் விடியற்காலை டீ போட எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார். மூலைச் சுவர் வெளியே தள்ளப்பட்டது, அந்த மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார், காதுகூடக் கெடவில்லை, அதாவது வெடிப்பு அப்படிப் பெரியதுகூட இல்லை. சுவர்ப் பலகைகளை இணைத்த விதம் பலவீனம் என்பது கட்டட எஞ்சினியர்களின் பாடம். எனக்கு அதில் ஒட்டிக்கொண்டது விசாரணையில் வந்த இன்னொரு விஷயம். கேஸ் கசிந்தது அடுப்புக்கு வந்த இணைப்பில் இருந்த ஒரு பித்தளை நட்டில். தரமில்லாத நட்டு.

அது தெரிந்ததிலிருந்து நான் கடையில் நட்டு வாங்கினால் கையில் எடுத்து எடை பார்ப்பேன், சுவர் கனம் பார்ப்பேன். கிலோவுக்கு நூறு ரூபாய் குறைவு என்று வருகிற நட்டு அழுத்தி முடுக்கினால் மூலையில் முடி அளவு வெடிப்பு விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஜனவரி 26, மதியம் 2.20

திருப்பூர்க்காரர் படம் அனுப்பியிருந்தார். லைன் வெளியே வந்துவிட்டது, மேடைக்கு மேலே ஒரு கை உயரத்தில் நேராகப் போகிறது, மஞ்சள் உறை போட்ட காப்பர். சுவரைத் தாண்டுகிற இடத்தில் ஸ்லீவ் (பைப்பைச் சுற்றி ஒரு வெளிக்குழாய்) கொடுத்து வீட்டுப் பக்கம் அடைத்து, வெளிப்பக்கம் திறந்து விட்டிருக்கிறார்கள், எதாவது கசிந்தாலும் வெளியே போகும். பிளக் பாயிண்டை விட்டு நன்றாகத் தள்ளியும் இருக்கிறது. வீட்டம்மா அதற்குப் பக்கத்திலேயே கரண்டி மாட்டுகிற கம்பி வைக்கச் சொல்லிவிட்டாராம், இரண்டும் சேர்ந்து நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கம்பி தனி ஸ்க்ரூவில் நிற்க வேண்டும், கேஸ் பைப் கிளாம்பில் கட்டிவிட வேண்டாம்.

ஒரே குறை. அடுப்புக்கு முன்னால் இருக்கிற, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பி மூடுகிற பால் (ball) வால்வு கீழே ட்ராயருக்குப் பின்னால் போய்விட்டது. அவசரத்துக்கு மூட வேண்டும் என்றால் ட்ராயரை இழுத்து வெளியே எடுக்க வேண்டும். மேலே மாற்றச் சொல்லியிருக்கிறேன். பத்து வயசுப் பையன் நின்றபடியே கை நீட்டி மூடுகிற இடம், அதுதான் என் அளவு.

ஜனவரி 28, காலை 7.05

வால்வு மேலே வந்துவிட்டது. நேற்றுக் காலை 7 மணிக்கு 2 பார் ஏற்றியிருக்கிறார்கள். நான் போக முடியவில்லை, திருப்பூர்க்காரர் கேஜுக்குப் பக்கத்தில் நின்று போன் செய்தார். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தபோது முள் 2க்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்ததாம், இரண்டு மணி நேரமாக மனிதர் தூங்கவே இல்லை. இப்போது 2.0. நுரையும் எல்லா ஜாயிண்டிலும் சுத்தம். அடுத்து அடுப்பு மாட்டி மஞ்சள்தண்ணீர் ட்யூபில் பத்து நிமிடம், அதையும் படம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.